7. யார் வீட்டு ஜாதிக்காய்?

"பாஸ், சாப்பிடுற நேரத்துல புண்ணைப் பத்திப் பேசாதீங்க. இந்த மீன் தலை என்னையே பார்க்குது."

சொல்லிவிட்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்த குழம்பைச் சோற்றோடு வழித்து வாயில் போட்டுக்கொண்டாள் பிரமிளா. பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் கோப்புகள் இருக்கும். மற்றதில் எந்த நேரமும் சாப்பிட ஏதாவது இருக்கும். சாப்பாட்டு மேசை பிரமிளாவுடையது.

கோப்பு மேசைக்குப் பின்னால் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் நாற்காலியில் முதுகு படாமல் உட்காருகிற மனிதர். காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பொய் சொல்லிப் பணம் கேட்டவர்களைப் பிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தனியாகத் துப்பறிய ஆரம்பித்தார். அவரிடம் வந்த வழக்குகளில் அழுதவர்கள், அவமானப்பட்டவர்கள் எல்லாரும் இதுவரை ஊரார்தான். இந்த முறை திருடன் என்ற பெயர் அவருடைய தங்கை ஜெயலெட்சுமியின் ஒரே மகன் மேல் விழுந்திருந்தது.

அந்த மகன் யுகேந்திரன் ஜன்னலோரம் நின்று, கட்டை விரல் காயத்தில் ஒட்டியிருந்த மருந்து ஏட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஜாதிக்காயில் கொட்டைக்கும் அதைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரிக்கும் விலை உண்டு. மேலே இருக்கும் சதை, ஊறுகாய்க்குப் போனது போக, பாலிக் புலாவ் தோட்டங்களில் குப்பையாக அழுகும். அந்தக் குப்பையிலிருந்து கூழ் எடுத்து, பாலாடை போல மெல்லிய ஏடாக்கி, நீரிழிவு நோயாளிகளின் ஆறாத கால் புண்ணில் ஒட்டினால் புண் ஆறுகிறது என்று கண்டுபிடித்தது மூன்று பேர் அடங்கிய ஒரு பல்கலைக்கழகக் குழு. எந்த மரத்துக் காயை எந்தப் பருவத்தில் பறிப்பது என்று பார்த்தவன் விவசாய ஆராய்ச்சியாளன் யுகேந்திரன். கூழை ஏடாக்கியவள் லைலா. நோயாளிகளிடம் சோதித்தவர் டாக்டர் ரொஸ்னா. கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே, பாலத்துக்கு அப்பால் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அதே ஜாதிக்காய் ஏட்டைப் 'பாலாடெர்ம்' என்று பெட்டியில் போட்டு மருந்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது. ரகசியம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் புக்கிட் தெங்காவில் ஆட்கள் கண்ணில் பட்டவன் யுகேந்திரன் ஒருவன்தான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு உட்காருகிறது.

"எதுக்குப் போனேன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு," என்றாள் பிரமிளா. "பொண்ணு பார்க்கப் போறது என்ன கொலைக் குத்தமா? அவனவன் கைபேசியில பார்த்துட்டு வேணாம்கிறான். இவரு பாலம் தாண்டி, டோல் கட்டி, சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டுப் போயிருக்காரு. விருது கொடுக்கணும்லா."

"அந்த வீட்டுல இன்னும் பதில் சொல்லல," என்றார் பழனியப்பன். "பதில் சொல்லாத வீட்டுப் பொண்ணு பேரை நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துல எடுக்க மாட்டோம். அது நம்ம வீட்டுப் பழக்கம் இல்ல."

"மாமா சொல்றதுதான் சரி," என்றான் யுகேந்திரன் மெதுவாக.

"குடும்பமே இப்படியா? நல்லா விளங்கும்!" பிரமிளா விரலை மெல்லிய தாளில் துடைத்துக்கொண்டு, மருந்துக் கடையில் வாங்கி வந்த பாலாடெர்ம் பெட்டியை எடுத்தாள். உள்ளுறையைக் கிழித்து, ஈரம் மினுமினுத்த ஏட்டை இரண்டு விரலால் தூக்கியவள், "ஐயோ!" என்று மேசையில் போட்டாள்.

அவள் விரல் பட்ட இடம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"எங்க வெட்டிக்கிட்ட?"

"எங்கேயும் வெட்டல பாஸ்!" விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒரு கீறல்கூட இல்லை. நகத்தோரம் குழம்பின் மஞ்சள் மட்டும் இருந்தது.

பழனியப்பன் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்பு அவருக்குப் புதியது அல்ல.

"பிரமிளா, இந்தக் கலரை நீ எங்க பார்த்திருக்க?"

அவள் கண்ணைச் சுருக்கினாள். "கல்யாண வீட்டுல. மாப்பிள்ளை இறங்கி வர்றப்போ ஆலம் சுத்துற தட்டுல."

"அந்தத் தட்டுல என்ன கரைப்பாங்க?"

"மஞ்சள் கரைப்பாங்க. அப்புறம் சுண்ணாம்பு..." வாய் திறந்தபடி நின்றாள். "பாஸ், பிளாஸ்டருக்குள்ள சுண்ணாம்பா?"

பழனியப்பன் மருமகனின் பக்கம் திரும்பினார். "உன் விரல்ல இருக்கிறது யாரு செஞ்சது?"

"லைலா செஞ்சது மாமா. எங்க ஆய்வுக்கூட ஏடு. தோட்டத்துல கத்தி பட்டுருச்சு, ஒட்டிக்கிட்டேன்."

பழனியப்பன் பொட்டலத்து மஞ்சளைக் குச்சியால் தொட்டு அந்த ஏட்டின் ஓரத்தில் தடவினார். மூவரும் காத்திருந்தார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"நாங்க சுண்ணாம்பு போடுறதே இல்ல மாமா," என்றான் யுகேந்திரன் குழப்பத்தோடு. "அது வேற உப்பு. போட்டு, நல்லா அலசிட்டுத்தான் காய வைப்போம். நான் சேர்ந்ததுலருந்து அப்படித்தான்."

"அப்படின்னா திருடினவன் உங்க சாமானைத் திருடல," என்றார் பழனியப்பன். "அது மாதிரி இருக்கிற வேற எதையோ திருடியிருக்கான். பிரமிளா, காடிச் சாவிய எடு. கையக் கழுவிட்டு எடு."

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரொஸ்னா புண் சிகிச்சை அறையின் வாசலிலேயே வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"உங்க மருமகனுக்காகப் பேச வந்திருந்தீங்கன்னா சாரி அங்கிள். எனக்கு உள்ள ஆள் இருக்கு."

"பேச வரலம்மா. ஒண்ணு காட்ட வந்தேன்." சிவந்த ஏட்டை நீட்டினார். நடந்ததைச் சொன்னார்.

ரொஸ்னா அதை வாங்கவில்லை. அவர் முகத்தில் இருந்த கோபம் மட்டும் வேறு பக்கம் திரும்பியது. "உள்ள வாங்க," என்றார்.

கட்டிலில் இத்ரீஸ் என்ற முன்னாள் பஸ் ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்திருந்தார். புண் சிறியதுதான். அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து வெளுத்துக் கிடந்தது.

"கடையில வாங்கினதா அண்ணே?" என்று கேட்டாள் பிரமிளா.

"ஆமாம்மா. யூனிவர்சிட்டில கண்டுபிடிச்சதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஒட்டினதும் காந்துச்சு. எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சு, மேல இன்னொண்ணு ஒட்டினேன்."

"அண்ணே, அடுப்புகூட எரியத்தான் செய்யும். அதுக்காக மேல ஏறி உட்காருவீங்களா?"

இத்ரீஸ் சிரித்தார். ரொஸ்னா சிரிக்கவில்லை. அவர்களை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்க் குரலைத் தணித்தார்.

"அந்தக் காலைக் காப்பாத்த முடியுமான்னு எனக்கே தெரியல. இவர் மட்டும் இல்ல, இன்னும் வர்றாங்க. சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா உடனே கடையிலருந்து எடுக்கச் சொல்லலாம். எனக்கு நேத்தே தோணியிருக்கணும். நாங்களும் ஒரு தடவை இப்படித்தான் சுட்டுக்கிட்டோம்."

"எப்போ?"

"ஆரம்பத்துல. ஆய்வுக்கூடம் எல்லாம் கிடைக்கிறதுக்கு முன்னாடி. லைலா வீட்டு அடுப்படியில முதல் ஏட்டைச் செஞ்சா. அவங்க கடை ஊறுகாய்க்கு ஜாதிக்காயைச் சுண்ணாம்புத் தெளிவுல ஊற வைப்பாங்க, மொறுமொறுப்பா இருக்கணும்னு. அதே தண்ணியில கூழை இறுக வச்சுட்டா. பார்க்க அழகா இருந்துச்சு. என் கையில ஒட்டிப் பார்த்தோம்." ரொஸ்னா சட்டைக் கையை மேலேற்றினார். முழங்கைக்குக் கீழே காசளவு தழும்பு. "கத்தினேன். அன்னைக்கே தூக்கிப் போட்டோம். வெட்கத்துல யாருக்கும் சொல்லல, எங்கேயும் எழுதல."

"யுகேந்திரன் அப்போ இருந்தானா?"

"அவரு அடுத்த வருஷம்தான்..." பேச்சு பாதியில் நின்றது. ரொஸ்னா சுவரில் சாய்ந்துகொண்டார். "அவருக்கு இது தெரியவே தெரியாது. நான் அவர் மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொன்னேன் அங்கிள்."

"நாளைக்கு அதே வாயால மாத்திச் சொல்லிடும்மா. அது போதும்." பழனியப்பன் குரலில் கடுமையும் இல்லை, கனிவும் இல்லை. "சுண்ணாம்பு விஷயம் தெரிஞ்சது யார் யாருக்கு?"

"எனக்கு. லைலாவுக்கு."

கேட்டுக்கொண்டிருந்த பிரமிளா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

*

காடியில் ஏறியதும் பழனியப்பன் லைலாவுக்குக் கைபேசியில் பேசினார். வாப்பா கடைக்கு வந்து இரு, நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைலாவின் வாப்பா அப்துல் ரசாக்கை அவருக்கு வாலிப காலத்திலிருந்து தெரியும். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஜாதிக்காய் ஊறுகாய், மசாலாச் சாமான் கடை. ஒரு முறை அந்தக் கடை எரிந்தது. காப்புறுதிப் பணத்துக்காகப் பாயே கொளுத்திக்கொண்டார் என்று நிறுவனம் சந்தேகப்பட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த பழனியப்பனை அனுப்பியது. அவர் சாம்பலைக் கிளறிப் பார்த்து, இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று மேலதிகாரிகளிடம் தன் வேலையைப் பணயம் வைத்துச் சாதித்தார். அன்று தொடங்கியது பழக்கம். தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள், பெருநாளுக்கு இவர்கள் போவார்கள். ஜெயலெட்சுமியின் கணவர் இறந்தபோது அவள் வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றவர் ரசாக் பாய்தான்.

யுகேந்திரனை வேலையிலிருந்து நிறுத்திய அன்றும் வந்தார். ஒரு பாட்டில் ஊறுகாயோடு.

"பாஸ், ஒரு மொட்டைக் கேள்வி," என்றாள் பிரமிளா, போக்குவரத்து விளக்கில் காத்திருந்தபடி.

"கேளு."

"லைலாதான் கொடுத்தான்னு வைங்க. அவளுக்குச் சுண்ணாம்பு எரியும்னு தெரியும். எரியாத நல்ல சரக்கு கையில இருக்கு. அதை விட்டுட்டுக் கெட்டுப்போன பழைய சரக்கையா கொடுப்பா? டாக்டரும் கொடுக்க மாட்டாங்க, அவங்க கையிலயே தழும்பு இருக்கு."

"மேல சொல்லு."

"அப்போ கொடுத்த ஆளுக்குச் சுண்ணாம்பு போட்டது தெரியும், எடுத்தது தெரியாது. இன்னைக்கும் அதுல சுண்ணாம்புதான் இருக்குன்னு நம்பிக்கிட்டு, எங்கேயோ நிம்மதியா உட்கார்ந்திருக்காரு." பச்சை விளக்கு விழுந்தது. அவள் காடியை நகர்த்தவில்லை. "நான் 'உட்கார்ந்திருக்காரு'ன்னு ஆம்பளையாச் சொல்லிட்டேன்ல?"

"காடிய எடு. பின்னால ஹாரன் அடிக்கிறான்."

அவரும் அந்த முடிவுக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து சேர்ந்திருந்தார். வேறொருவர் வாயிலிருந்து அது பொய் என்று கேட்க மாட்டோமா என்றுதான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார். பொய்யைக் கண்டுபிடித்தே வயிறு வளர்த்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் கண்ணை மூடிக்கொண்டு கை நனைத்திருந்தார்.

*

"வாங்க பழனி! பசியாறியாச்சா? பிரமிளா, உனக்குப் பசியாறியாச்சான்னு கேக்கிறதே தப்பு."

"கேளுங்க பாய். கேட்டா எனக்கு இன்னொரு தடவை பசிக்கும்."

அப்துல் ரசாக் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சாடிகளில் ஜாதிக்காய்த் துண்டுகள் வரிசை வரிசையாக ஊறிக்கொண்டிருந்தன. லைலா ஏற்கெனவே வந்திருந்தாள். கல்லா ஓரமாக ஒரு முக்காலியில், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கிப் பல நாளான கண்கள்.

"அங்கிள், யுகேந்திரன் எப்படி இருக்கார்?"

"நாளைக்குத் தெரியும்." பழனியப்பன் உட்காரவில்லை. "பாய், நாளைக்குக் குழு முன்னால நான் பேசணும். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஏதாவது உளறி வைக்கக் கூடாது பாருங்க. லைலா செஞ்ச ஏட்டுல முக்கியமான சாமான் எது?"

லைலா பதில் சொல்ல நிமிர்ந்தாள். ரசாக் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கு அவ எதுக்கு? நான் சொல்றேன். சுண்ணாம்புத் தெளிவு. அது எங்க வாப்பா கைப்பக்குவம் பழனி. எவ்வளவு நேரம் தெளிய விடணும், எப்போ வடிக்கணும், அதெல்லாம் இந்தக் கடையில பிறந்தது. அது இல்லேன்னா வெறும் கூழு. கையில எடுத்தா வழிஞ்சு ஓடும். யூனிவர்சிட்டிக்காரன் எவனும் அதைக் கண்டுபிடிக்கல."

பிரமிளா தலை குனிந்துகொண்டாள்.

வெளியே ஒரு டிரைஷா வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று.

"வாப்பா," என்றாள் லைலா. அவள் உதடு வெளுத்திருந்தது. "அதுல சுண்ணாம்பு இல்ல."

"என்ன உளறுற?"

"முதல் ஏட்டுலதான் போட்டேன். ரொஸ்னா கை வெந்து போச்சு. அன்னைக்கே எடுத்துட்டோம். இப்போ போடுறது வேற."

"நீ என்கிட்ட சொல்லலியே!"

"ஆராய்ச்சிக்கு நிதி கிடைச்ச அன்னைக்கு விருந்து வச்சீங்க. ஜமாத்துல பெரியவங்க எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. எங்க வாப்பா கைப்பக்குவம் உலகம் பூரா போகப் போகுதுன்னு சொன்னீங்க. அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் சொல்லவே முடியல."

பழனியப்பன் கைபேசியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். இத்ரீஸின் அனுமதியோடு ரொஸ்னா அனுப்பியிருந்த கால் புண் படம். ரசாக் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பினார்.

"என்ன இது?"

"உங்க வாப்பா கைப்பக்குவம்," என்றார் பழனியப்பன்.

அந்த வார்த்தை ரசாக்கின் மேல் விழுந்த விதத்தைப் பார்த்து, லைலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முக்காலியிலிருந்து எழுந்தாள். "வாப்பா, புக்கிட் தெங்காவுக்குக் கொடுத்தது நீங்களா?"

ரசாக் மறுக்கவில்லை. பொய் சொல்வது அவருக்கு வராது. பழனியப்பன் வாலிபத்தில் கணித்த கணிப்பு அந்த மட்டுக்கும் சரிதான்.

"ஒரு காசு வாங்கல," என்றார் தலையை நிமிர்த்தி. "பெட்டியில 'பினாங்குப் பரம்பரைக் குடும்ப முறை'ன்னு போடணும்னு மட்டும் கேட்டேன். போட்டாங்க. உன் கட்டுரைய எடுத்து வந்து காட்டினியே, ஞாபகம் இருக்கா? முதல் பக்கத்துல எத்தனை பேரு! துறைத் தலைவன் பேரு இருக்கு. நிதி கொடுத்தவன் பேரு இருக்கு. தோட்டத்துக்காரனுக்கு நன்றி சொல்லியிருக்கு. எங்க வாப்பா அப்துல் ரஹீம் பேரு எங்க? பத்து நாள் எனக்குச் சோறு இறங்கல. எங்க வீட்டுச் சொத்தைப் பத்துப் பேருக்குப் பங்கு வச்சுட்டு, எங்களுக்கு நன்றிகூட இல்ல. ஆஸ்பத்திரியில மனுஷங்க மேல சோதிச்சுப் பார்த்த சாமான்னுதான் கம்பெனிக்காரங்ககிட்ட சொன்னேன். மத்தவங்க காலு எரியணும்னு எனக்கு என்ன ஆசையா?"

"காலை அப்புறம் பார்ப்போம்," என்றார் பழனியப்பன். "யுகேந்திரனைச் சொல்லுங்க."

"நான் அவன் பேரை எங்கேயும் சொல்லல."

"சொல்லல. என் தங்கச்சி வீட்டுக்கு வந்து நடுக்கூடத்துல உட்கார்ந்து, 'சின்ன வயசு, ஏதோ ஆசைப்பட்டுட்டான், மன்னிச்சிடுவாங்க'ன்னு ஆறுதல் சொன்னீங்க. அவ உங்களை அண்ணன்னு கூப்பிடுறவ. உங்க வாயிலருந்து வந்ததால நம்பிட்டா. அன்னையிலருந்து பெத்த பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு, முகத்தைப் பார்க்காம உள்ள போயிடறா. செஞ்சது நீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே அங்க உட்கார்ந்து டீ குடிச்சீங்க."

ரசாக் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதல் முறையாக அவர் முதுகு வளைந்தது.

"பழனி, கேளுங்க. இந்தச் சுண்ணாம்பு விஷயம் போதுமே, பையனை வெளிய கொண்டு வர. அது அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. டாக்டரும் சொல்லுவா. அவன் பேரு சுத்தமாயிடும். கொடுத்தது யாருன்னு எதுக்குத் தோண்டணும்? இந்தத் தெருவுல நான் நடக்க வேணாமா? பள்ளிவாசல்ல எந்த வரிசையில நிப்பேன்?"

"தோண்டறது நான் இல்ல பாய். சுண்ணாம்புன்னு சொன்ன அடுத்த நிமிஷம் குழு கேக்கும், அது யாருக்குத் தெரியும்னு. டாக்டர் கையில தழும்பு இருக்கு, அவங்களை விட்டுடுவாங்க. மிச்சம் உங்க மக."

அது ரசாக்குக்குத் தோன்றியிருக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

லைலா தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று பிரமிளா எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. மிகவும் நிதானமாகச் சொன்னாள்.

"நான்தான் கொடுத்தேன்னு சொல்லிடுறேன் வாப்பா."

இது பழனியப்பன் பேச வேண்டிய இடம் அல்ல. பேச வேண்டியவர் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். கோடி கொடுத்தாலும் ஒரு தகப்பன் இதற்கு என்ன சொல்வான் என்று பழனியப்பனுக்குத் தெரியும். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். அது மட்டும் வந்துவிட்டால், இத்தனை வருஷப் பழக்கத்தில் ஏதோ ஒரு மூலையாவது மிஞ்சும் என்றுகூட நினைத்தார்.

ரசாக் பின்னால் திரும்பி, நேராகவே இருந்த ஒரு சாடியை எடுத்து, இன்னும் நேராக வைத்தார். அவர் தோள்கள் மெல்ல இறங்கின. பாரம் இறங்கிய மனிதனின் தோள்கள்.

பிரமிளா மூச்சை உள்ளே இழுத்தது பழனியப்பனுக்குக் கேட்டது.

"நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு நெனச்சுத்தான் சொன்னேன்," என்றாள் லைலா.

அவர் திரும்பவில்லை. "உனக்கு வயசு இருக்கும்மா. வேற ஊர்ல, வேற யூனிவர்சிட்டில... கடைப் பேரு போனா திரும்பி வராது."

"சரி வாப்பா."

அவள் பைக்குள் கையை விட்டுக் கைபேசியை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை. "ரொஸ்னா, நான் லைலா. அந்த பிளாஸ்டர்ல என்ன இருக்குன்னு அமைச்சுக்கு உடனே சொல்லணும். ஆமாம், சுண்ணாம்புதான். எனக்கு நிச்சயமாத் தெரியும். எவ்வளவு நேரம் தெளிய விடுறதுன்னுகூடத் தெரியும். கடையிலருந்து இன்னைக்கே எடுக்கச் சொல்லு. யாரு கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. அதையும் எழுதிக்க."

"லைலா!" என்றார் ரசாக்.

"நாளைக்குக் குழு முன்னால நானே வந்து சொல்றேன். யுகேந்திரனும் அவங்க அம்மாவும் இருக்கணும். அவங்க காது கேக்கச் சொல்லணும்."

"லைலா, வை போனை!" ரசாக் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். பழனியப்பன் ஒரு அடி எடுத்து வைத்துக் குறுக்கே நின்றார். தொடவில்லை, தள்ளவில்லை. நின்றார், அவ்வளவுதான். இரண்டு கிழவர்களும் மூக்கு இடிக்கும் தூரத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பழனி, நகருங்க."

"முடியாது ரசாக்."

பாய் என்ற வார்த்தை இல்லாமல் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரசாக்கின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

மறுமுனையில் ரொஸ்னா ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்டிருக்க வேண்டும். லைலா தகப்பனுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றாள். எழுதிக்கொள்கிறவருக்குத் தவறிவிடக் கூடாதென்று, 'இன்னார் மகன்' என்கிற 'பின்'னையும் விடாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"அப்துல் ரசாக். பின். அப்துல் ரஹீம்."